தட்டுவடை செட்டும் பிஎன்எஃப்பும்

கேள்வி: அண்ணே, காலேஜ்ல கம்பைலர் பேப்பர்ல பிஎன்எஃப்னு ஒண்ணு வருது, புள்ளி, கோடு, அடைப்புன்னு ஒரே கோலமா இருக்கு, மனப்பாடம் பண்ணாம புரிஞ்சுக்க வழி இருக்கா?
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இருக்கும்மா, பிஎன்எஃப்னா பேக்கஸ்-நார் ஃபார்ம், ஒரு புரோகிராமிங் மொழியோட இலக்கணத்த எழுதற முறை, அவ்வளவுதான். நம்ம ஊர் தட்டுவடை செட்ட அதுல இப்படி எழுதிப் பாரு.

<செட்> ::= தட்டுவடை <நடுவுல> தட்டுவடை
<நடுவுல> ::= கேரட் | பீட்ரூட் | கேரட் <நடுவுல>

::= னா 'இப்படி இருக்கும்', நேர்கோடுன்னா 'இல்லாட்டி', அடைப்புக்குள்ள இருக்கறத இன்னும் பிரிக்கணும், வெளிய இருக்கறது அப்படியே வரும். ரெண்டாவது வரி கடைசில பாரு, நடுவுலக்குள்ள மறுபடி நடுவுல வருது, அதுதான் ரிகர்ஷன், கேரட்ட எத்தன தடவ வேணா போட்டுக்கலாம், முடிவே இல்லாத செட்டு! மேல வைக்கற தட்டுவடை இல்லன்னா சின்டாக்ஸ் எரர், அதாவது இலக்கணப் பிழை. ஆனா புரோகிராம்ல முன்கூட்டியே டிக்ளேர் பண்ணாத வேரியபிள யூஸ் பண்ணா பிஎன்எஃப் கண்டுக்காது, அத புரோகிராம மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற கம்பைலர்ல அடுத்த கட்டம்தான் பாக்கும்.

இந்த முறைய அல்கால்ங்கற புரோகிராமிங் மொழிக்காக ஜான் பேக்கஸ் 1959ல கொண்டுவந்தாரு, பீட்டர் நார் 1960 அல்கால் அறிக்கையில கொஞ்சம் மாத்தி எடுத்துக்கிட்டாரு, ரெண்டு பேர் பேரையும் சேத்து வைக்கலாம்னு 1964ல சொன்னது கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் க்னூத். அப்புறம் இடப்பக்க ரிகர்ஷன, அதாவது ஒரு விதி தன் பேர வச்சே ஆரம்பிக்கறத, நீக்கறது எப்படின்னு நல்லா பாத்துக்கோ, இலக்கணப்படி புரோகிராம பிரிச்சுப் பாக்கற பார்சர் மேலருந்து கீழ எறங்குற வகையா இருந்தா, அதுல மாட்டுனா வெளிய வராது.