பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருந்தால் காட்டுப்பன்றியைச் சுடலாமா?

கேள்வி: பென்னாகரம் அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அப்பாவின் பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கான நாட்டுத் துப்பாக்கி உரிமம் உண்டு; தவறாமல் புதுப்பித்து வருகிறோம். காட்டுப்பன்றிகள் நிலக்கடலையைக் கிளறிப் போடுகின்றன. நரி ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போகிறது. அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டதால் இரவுக் காவலுக்கு நான்தான் போகிறேன். உரிமத்திலேயே பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதியிருப்பதால் தாராளமாகச் சுடலாம் என்கிறார்கள். ஒருவர், ‘பன்றி சுடும் பெர்மிட்’ வாங்கித் தருவதாக முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். இன்றிரவு காவலுக்குப் போகும்போது துப்பாக்கியையும் எடுத்துப் போகாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் அப்பாவிடம் இருப்பது துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கான அனுமதி. விலங்கைக் கொல்வதற்கான அனுமதி அதில் இல்லை. முதல் அனுமதி ஆயுதச் சட்டத்தின்படி மாவட்ட நிர்வாகம் தருவது. இரண்டாவது, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனத்துறை தர வேண்டியது. ஒன்று இருப்பதால் மற்றதும் இருப்பதாக ஆகாது.

பிறகு ஏன் அந்த உரிமப் புத்தகத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்று அச்சடித்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆயுதச் சட்டம் வந்தது 1959-ல். குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்காகக் கேட்கும் விவசாயிக்கு உரிமம் கொடுக்கத்தான் வேண்டும் என்கிற தொனியிலேயே அதில் எழுதிவைத்தார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1972-ல் வன உயிரினச் சட்டம் வந்து வேட்டைக்குக் கதவைச் சாத்தியது. பழைய தாளில் இருக்கும் சொல்லின் பொருள் அதோடு சுருங்கிவிட்டது என்பதை விவசாயிக்கு எடுத்துச் சொல்ல எந்த அலுவலகமும் மெனக்கெடவில்லை. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கட்டணத்தை வாங்கிக்கொண்டு முத்திரை குத்துகிறார்கள். வழக்கு வந்த பிறகுதான் மனிதருக்கு விஷயமே தெரிகிறது. இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கோபம் தீராத இடம் இது.

இனி விலங்குகளுக்கு வருவோம். நரியை மறந்துவிடுங்கள். கூட்டமாக ஊளையிடும் நரியானாலும், சேலம் பக்கத்தில் வங்கா நரி என்று சொல்லும் சிறிய குள்ளநரியானாலும், 2022-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு இரண்டும், மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த அட்டவணையில் உள்ள விலங்கைக் கொல்ல, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒருவர்தான் உத்தரவிட முடியும். அதுவும் மனித உயிருக்கு ஆபத்து என்றாலோ, மீள முடியாத நோயிலோ ஊனத்திலோ அது கிடந்தாலோ மட்டும். ஆட்டுக்குட்டி போனது அதற்குள் வராது. மீறினால் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை. ஏழு ஆண்டு வரை போகலாம். வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்கா நரியைப் பிடித்து ஓடவிடும் வழக்கத்துக்கே வனத்துறை அபராதம் போடுகிறது. பட்டியை உயர்த்திக் கட்டுங்கள், குட்டிகளை இரவில் உள்ளே அடையுங்கள். நரிக்கு வேறு வழி கிடையாது.

காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்குச் சேதம் என்ற காரணத்துக்காகவே அதைக் கொல்ல உத்தரவிடச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த உத்தரவைத் தலைமைக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துமூலமாக, காரணம் குறிப்பிட்டுத் தர வேண்டும்.

உங்கள் முப்பதாயிரம் ரூபாய் ஆசாமி இந்த இடத்தில்தான் நுழைகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்துவைத்த ஒரு ‘பெர்மிட்’டோடு என்னைப் பார்க்க வந்தார். நகல் எடுத்த தாள். கோப்பு எண் இல்லை, எந்தச் சர்வே எண்ணுக்கு என்று இல்லை, எந்தத் தேதி வரை செல்லும் என்று இல்லை. வட்ட முத்திரையில் பாதி எழுத்து அழிந்திருந்தது. கையெழுத்துக்குக் கீழே வனவர் என்று எழுதியிருந்தது. அப்படி உத்தரவிட வனவருக்கு அதிகாரமே கிடையாது. பணம் வாங்கியவரின் கைப்பேசி அணைந்து கிடந்தது. அந்தத் தாளை நம்பி அவர் ஒரு பன்றியைச் சுட்டிருந்தார். துப்பாக்கியும் போனது, உரிமமும் போனது, வழக்கு மட்டும் மிஞ்சியது. உத்தரவுக்கு மனு கொடுக்க முகவர் தேவையில்லை. இப்படி ஒரு தாளைக் காசுக்கு விற்பவர் யாராக இருந்தாலும், அவர் விற்பது வழக்கைத்தான்.

பன்றியைத் தீங்குயிரி என்று அறிவித்துவிட்டார்கள், யாரும் சுடலாம் என்ற பேச்சும் ஊரில் உலவுகிறது. எலி, காக்கை, பழந்தின்னி வௌவால் இருந்த பழைய தீங்குயிரி அட்டவணையே 2023 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இல்லை. குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு அப்படி அறிவிக்க மத்திய அரசால்தான் முடியும். பீகாருக்கும் உத்தராகண்டுக்கும் 2015, 2016-ல் அப்படிச் செய்தார்கள். நமது மாநிலத்துக்குச் செய்யவில்லை. பாலக்காட்டில் சுடுகிறார்களே என்று கேட்காதீர்கள். கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. அங்கும் உத்தரவின்பேரில்தான் சுடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவித்த ஏற்பாடு இது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் சுடலாம், சுடுவது வனத்துறையினர். உங்கள் நிலம் நடுவில் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது கூண்டுதான். கடலை முற்றும் பருவத்தில் மனு மேசைக்கு மேசை நகர்ந்து கூண்டு வந்து சேர்வதற்குள் அறுவடையே முடிந்துவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். பன்றி கிலோமீட்டர் கல்லைப் பார்த்து நடப்பதில்லை என்பதும் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம். துப்பாக்கியால் சொன்னால் மாட்டிக்கொள்பவர் நீங்கள்.

தற்காப்பு பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ‘என்மேல் பாய வந்தது, அதனால் சுட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும்’ என்று யாராவது சொல்லித் தருவார்கள். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அது உயிருக்கு மட்டும். கடலைக்கோ ஆட்டுக்கோ பொருந்தாது. அதே இடத்தில் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: தற்காப்பு தேவைப்பட்ட அந்த நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் விலக்கு கிடையாது. பன்றியைச் சுடத் துப்பாக்கியோடு வரப்பில் காத்திருந்தீர்கள், முதல் குண்டில் சாகவில்லை, காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தது, இரண்டாவது குண்டில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது குண்டு உயிருக்காகத்தான். ஆனாலும் முதல் குண்டே வேட்டை முயற்சி. சட்டத்தின் பார்வையில் முயற்சியும் வேட்டைதான், குறி தவறினாலும் வேட்டைதான். களை எடுக்கப் போனவர் கையிலிருந்த மண்வெட்டியால் அடித்திருந்தால் கதை வேறு. இரவு பதினொரு மணிக்கு மருந்து கெட்டித்த துப்பாக்கியோடும் நெற்றி விளக்கோடும் நின்றவர் தற்காப்பு என்று சொன்னால், ‘எதற்காக அங்கே நின்றீர்கள்’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். உண்மையான தற்காப்பில் கொன்றாலும் விலங்கின் உடல் அரசின் சொத்து. தொடாமல் உடனே வனச்சரகருக்குச் சொல்ல வேண்டும். பங்கு போட்டுக் கறி சமைத்தால் தற்காப்பும் போயிற்று, புது வழக்கும் வந்தது.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் கடிதத்திலேயே இருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. உரிமம் அப்பாவின் பெயரில். அதில் உங்கள் பெயர் பதிவாகவில்லை என்றால் அந்தத் துப்பாக்கி உங்கள் கையில் இருப்பதே குற்றம். பன்றி வயலுக்கு வந்ததா வரவில்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டு. கொடுத்ததற்காக அப்பாவும் உரிம நிபந்தனையை மீறியவராவார். மகன்தானே என்ற வாதம் நிற்காது.

சுடாமல் செய்யலாம் என்று சொல்லித் தரும் மற்ற வழிகளும் இதைவிட மோசமானவை. இரைக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் யார் வாயில் வெடிக்கும் என்று வைத்தவருக்கே தெரியாது. கம்பத்திலிருந்து நேராக மின்சாரம் இழுத்து வேலியில் விடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் உங்கள் மாவட்டத்திலேயே, மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் வேலியில் விட்ட மின்சாரத்தால்தான் செத்தன, இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. சூரிய மின்வேலி போடுவதானால் 2023 விதிகளின்படி வனத்துறையிடம் முறையாகப் பதிவு செய்யுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். கிளறிப்போட்ட வயலைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். குளம்புத் தடம் தெரிய வேண்டும். சிட்டா, அடங்கல் நகலோடு இழப்பீட்டுக்கு ஒரு மனு, கூண்டு வைக்கக் கோரி ஒரு மனு என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒரே தாளில் எழுதினால் ஒன்றை முடித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைப் பதிவு செய்யுங்கள்; அங்கே மனு எண் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஊரில் இன்னும் பத்துப் பேர் பாதிக்கப்பட்டிருந்தால் பத்து மனுவாகப் போகட்டும்.

இரவுக் காவலுக்கு டார்ச்சும் தகரமும் துணைக்கு ஒரு ஆளும் எடுத்துப் போங்கள். துப்பாக்கி அப்பாவின் பெட்டியில் பூட்டியே இருக்கட்டும், சாவியும் அவரிடமே.