எந்த நிற கூலன்ட்?

அன்புள்ள ஐயா,

எங்களிடம் 2015 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. ஜப்பானியக் கம்பெனி தயாரிப்பு. வாங்கியபோது, ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் நீலமாக இருந்தது. போன சர்வீஸில் பச்சையை ஊற்றி, குறைந்ததற்கு போர் தண்ணீரைச் சேர்த்துவிட்டார்கள். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறினால் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. மதுரைப் பக்கம் தண்ணீர் உறையப்போவதில்லையே, கூலன்ட் கட்டாயமா? எந்த நிறம் வாங்குவது?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

நிறத்தை வைத்து வாங்காதீர்கள். அது வெறும் சாயம். எந்த வகைக்கு எந்தச் சாயம் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. பச்சையில், துருத்தடுப்புக்குச் சிலிகேட் சேர்த்த பழைய வகையும் வரும், ஆர்கானிக் அமிலம் சேர்த்த புதிய வகையும் வரும். கார் மேனுவலில் கூலன்ட் வகையும் மொத்தக் கொள்ளளவும் போட்டிருப்பார்கள். அதை டப்பாவின் பின்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஜப்பானியக் கார்களுக்குப் பெரும்பாலும் பாஸ்பேட் சேர்ந்த, சிலிகேட் இல்லாத ஆர்கானிக் வகை.

உங்கள் தொல்லையின் வேர் அநேகமாக அந்த போர் தண்ணீர்தான். பாஸ்பேட்டும் தண்ணீரிலுள்ள கால்சியமும் சேர்ந்தால் படிவமாக இறங்கும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகக் கட்டும் உப்பை நம் பக்கத்தில் பார்க்காத வீடு இல்லை. அதே உப்பு, இன்ஜினில் சூடு மிக அதிகமான சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் கட்டும். தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டும். நமக்கு முக்கியமானவை, துருவைத் தடுக்கும் மருந்தும் கொதிநிலை உயர்வும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே வெறும் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கும். சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதே 82 முதல் 88 டிகிரிக்குள், ஆக இடைவெளி கொஞ்சம்தான். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவையும் அழுத்தம் பிடிக்கும் நல்ல ரேடியேட்டர் மூடியும் இருந்தால் கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் எவ்வளவு நல்ல கூலன்டும் பயன்படாது. முதலில் அதைப் பாருங்கள், விலையும் குறைவுதான்.

கூலன்ட் அதிகம் ஊற்றினால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். கூலன்டின் மூலப்பொருளான கிளைகாலைவிடத் தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். தண்ணீர் கலக்காத கூலன்டான கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் துருத்தடுப்பு மருந்து போதாது. மேனுவல் வேறு சொல்லாவிட்டால் பாதிக்குப் பாதி.

இப்போது இருப்பதை முழுக்க எடுத்துவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து வடியுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பிறகு பேட்டரி தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுடும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து வடியுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை இப்படியே. மூன்று நான்கு முறை ஆகலாம். ரிசர்வ் டேங்கையும் கழுவுங்கள்.

கடைசியில் ஒரு விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். வடித்த பிறகும் இன்ஜின் பிளாக்குக்குள் தண்ணீர் தங்கியிருக்கும். ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் ரெடி மிக்ஸை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். எனவே கான்சென்ட்ரேட் வாங்குங்கள். கொள்ளளவு 5 லிட்டர் என்றால் முதலில் இரண்டரை லிட்டர் கான்சென்ட்ரேட், மீதி இடத்துக்குப் பேட்டரி தண்ணீர். மேனுவலில் காற்று எடுக்கும் முறை தனியாக இருந்தால் அதன்படி. இல்லையென்றால் மூடியைத் திறந்தே வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். குமிழி நின்றதும் நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அளவைப் பாருங்கள்.

சூடாகிறது என்று யாராவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும், வெளியே கசிவே இல்லாமல் அளவு குறைந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை மலை ஏற வேண்டாம்.

வடித்த கூலன்டை வாசலில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும். கொடிய விஷம். மூடிய கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.