மாகாண சபை கலைந்திருக்கும்போது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாகாண நிருவாகத்திடம் எப்படிக் கணக்குக் கேட்பது?

கணக்குக் கேட்பது என்றால், செலவான காசுக்கும் எடுத்த முடிவுக்கும் அதிகாரிகளைப் பதில் சொல்ல வைப்பது. வழமையாக இது சபை உறுப்பினர்களின் வேலை. கிழக்கு மாகாண சபையின் தவணை 2017 செப்டெம்பரில் முடிந்தது. தேர்தல் தொகுதிகளின் எல்லை நிர்ணயச் சிக்கலில் தேர்தல் தள்ளிப்போக, பொறுப்பு சனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கைக்குப் போனது. பொதுக்கூட்டமே கூடாமல் வண்ணக்கர் (கோயில் நிருவாகி) மட்டும் கோயில் திருவிழா நடத்துவது மாதிரி: வேலை நடக்கும், எழுந்து கேட்க ஆளிருக்காது.

சரி, என்ன வழி? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் கைக்கெட்டிய கருவி என்பேன். உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். "ரோட்டு ஏன் இப்படிக் கிடக்கு?" என்றால் மழுப்புவார்கள். மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தப் பிரதி, வேலை முடிய வேண்டிய திகதி என்று ஆவணமாகக் கேளுங்கள். அதற்கு முன் ரோட்டு யாருடையது என்று பாருங்கள். கல்முனை ஊடாக வரும் ஏ4 நெடுஞ்சாலை மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்குரியவை. ஊர் ஒழுங்கை பிரதேச சபைக்கு.

எந்த அலுவலகத்துக்கு எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், மாகாண சபையின் அலுவலகம் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியல்ல. அது மத்திய அரசின் கீழ் உள்ளது.