மருந்து அடித்த வயலில்தான் புகையான், ஏன்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "3 ஏக்கரில் சம்பாவுக்கு பிபிடி 5204 நெல் நட்டிருக்கிறேன். 25ஆம் நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒரு மருந்து, 45ஆம் நாள் இன்னொன்று அடித்தேன். இப்போது 65 நாள். வயல் வட்டம் வட்டமாகக் கருகுகிறது, தூரில் புகையான். மருந்தே அடிக்காத பக்கத்து வயல் பச்சையாக நிற்கிறது. எப்படி?"

தூரில் சாறு உறிஞ்சிப் பயிரைக் கருக வைக்கும் தத்துப்பூச்சிதான் புகையான். மருந்தடிக்காத அந்த வயலில் அதைத் தின்னும் சிலந்தி இருக்கிறது. உங்கள் வயலில் அநேகமாக இல்லை.

புகையான் முட்டையை, தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறைக்குள் செருகி வைக்கும். மேலே தெளிக்கிற மருந்து அதைத் தொடாது. ஆனால் தண்ணீர்மேல் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தியும், அந்த முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும் பச்சை நாவாய்ப்பூச்சியும் செத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு பொரிக்கும்போது அதைத் தின்ன ஆளே இருக்காது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளும் குயினால்பாஸும் இப்படிப் புகையானைப் பெருக்கிவிடுவதில் பேர் போனவை. பிபிடி 5204 புகையானைத் தாங்காத ரகம் என்பதும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நட்ட முதல் மாதம் பயிரைத் தின்னும் பூச்சி வயலில் குறைவு. அப்போது சிலந்தி எதைத் தின்று பிழைக்கும்? மட்கும் தழையிலும் நீர்ப்பாசியிலும் வளரும், கொசு மாதிரி இருக்கிற, கடிக்காத சின்னப் பூச்சிகளை. இந்தோனேசியாவின் ஜாவா வயல்களில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: வயலில் மட்கும் பொருள் கூடினால் அந்தப் பூச்சிகள் கூடின, அவற்றை நம்பி வேட்டைப்பூச்சிகளும் கூடின. புகையான் வந்து இறங்கும்போது காவல் ஏற்கெனவே தயாராக இருந்தது. 25ஆம் நாள் மருந்து, சிலந்தியோடு அதன் சாப்பாட்டையும் அழித்துவிடுகிறது. பயிருக்கு எந்த உதவியும் செய்யாததுபோல் தெரியும் அந்தப் பூச்சிகளைத்தான் நாம் முதலில் இழக்கிறோம், எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அதே இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. அதுவும் புகையானால்தான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் காயப் போடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். பயிரை விலக்கி, இருபது குத்துகளின் அடித்தூரைப் பார்த்துப் புகையானையும் சிலந்தியையும் தனித்தனியாக எண்ணுங்கள். தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு புகையான் இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். கருகத் தொடங்கிய உங்கள் வயலில் எண்ணிக்கை இதைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் புப்ரோபெசின் போல, குஞ்சு தோலுரிப்பதைத் தடுத்து சிலந்தியை அவ்வளவாகத் தொடாத மருந்தாகக் கேளுங்கள். அளவை வேளாண் அலுவலரிடம் உறுதிசெய்துகொண்டு, கைத்தெளிப்பானை அடித்தூரில் படும்படி பிடியுங்கள். இலைமேல் தெளித்தால் வீண்.

அடுத்த போகத்துக்கு, வயலில் மட்கும் பொருள் கூட, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுங்கள், கொஞ்சமாவது தொழுவுரம் போடுங்கள். எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்ட வேண்டாம், தழைச்சத்து மிஞ்சிய பயிரில் புகையான் வேகமாகப் பெருகும். வரப்பில் உளுந்தோ எள்ளோ ஊன்றினால், புகையான் முட்டையைத் தாக்கும் குளவிகளுக்கு அந்தப் பூவில் தேன் கிடைக்கும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் வயல்களில் வரப்பில் பூச்செடி வளர்த்துப் பார்த்தபோது மருந்தடிப்பு 70 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் 5 விழுக்காடு கூடியது.

முதல் 40 நாள் இலைச்சுருட்டுக்கு மருந்தே வேண்டாம். வெள்ளை வெள்ளையாகச் சுருண்ட இலையைப் பார்த்தால் பதறும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வயதில் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும்.