ப்ளஸ் ஒன்னுக்கே வெளிநாடா? தங்கச்சிமடத்து அக்காவுக்கு

அக்கா, நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, யூடபிள்யூசி (யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ்) என்ற சர்வதேச விடுதிப் பள்ளிக்கு விண்ணப்பிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், உங்கள் வீட்டுக்காரர், நம்ம அண்ணன், "பொம்பளப் பிள்ளையைத் தனியா அனுப்புறதா" என்று கத்திவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார், நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள். இது ஏமாற்று வேலையா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

ஏமாற்று இல்லை. 1962-ல் வேல்ஸில் கடலோரம் ஒரு பழைய கோட்டையில் தொடங்கியது, இப்போது நார்வே, இத்தாலி, கனடா, ஹாங்காங் என்று 18 பள்ளிகள். பெயரில் காலேஜ் இருந்தாலும் படிப்பு நம்ம ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூதான், ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலரேட்) டிப்ளமோ என்ற சர்வதேசப் பாடத்திட்டம். இந்தியாவுக்கென்று ஒரு தேர்வுக்குழு இருக்கிறது, பிள்ளையின் மார்க்கை மட்டும் பார்க்காமல் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து எடுப்பார்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை முடிவாகும். இதில் ஏஜெண்டுக்கு வேலையே கிடையாது. சீட் வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம் தனி இடம் என்று 2020-ல் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே பொறியியல், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் அதை நீட்டித்தார்கள், அப்படிச் சேரும் பிள்ளைகளின் படிப்பு, விடுதிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. பத்தாவதோடு உங்கள் மகள் வெளியே போனால் இது எல்லாமே போய்விடும், திரும்பி வந்து கேட்டாலும் கிடைக்காது.

அதனால் அவளைத் தனியாக உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: என்ன ஆகணும்? டாக்டர்தான் என்றால் என் பதில் போக வேண்டாம் என்பதே, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும், ஐபி-யில் அந்த மூன்றையும் சேர்த்து எடுப்பது லேசில்லை, கையில் இருக்கும் 7.5-ஐயும் விட்டுவிட்டு எதற்கு? கடல் ஆராய்ச்சி, சுற்றுச்சூழல், பொருளாதாரம், இல்லை இன்னும் தெரியவில்லை, உலகத்தைப் பார்க்கணும் என்றால் கதை வேறு. யூடபிள்யூசி முடித்தவர்களுக்கு அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கு உதவ டேவிஸ் உதவித்தொகை 2000-லிருந்து இருக்கிறது. அந்தக் கதவு இங்கேயே ப்ளஸ் டூ முடித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு இவ்வளவு எளிதாகத் திறக்காது.

சரி, தனியா அனுப்புவது. நம்ம ஊர்ப் பையன்கள் இருபது வயதில் துபாய், சவுதி என்று ஏறும்போது ஒருத்தரும் தனியா என்று கேட்பதில்லை. உண்மையான சிரமம் வேறு. தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் சில மாதம் வகுப்பில் வாயைத் திறக்காது, ராத்திரி போனில் அழும். அதற்கு அவளைக் காட்டிலும் நீங்கள்தான் தயாராக வேண்டும். மனசு கேட்கவில்லை என்றால் இவர்களுடைய பள்ளி ஒன்று புனே பக்கத்திலேயே 1997-லிருந்து இருக்கிறது. விசா தேவையில்லை, படிப்பு அதே ஐபி, பிற நாட்டுப் பிள்ளைகளோடுதான் தங்குவாள், ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அண்ணனிடம் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

இடம் கிடைத்தால், முழு உதவித்தொகை என்ற சொல்லைக் கேட்டு அப்படியே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு மட்டுமா, விமான டிக்கெட், விசா, காப்பீடு, கைச்செலவு சேர்த்தா, லீவில் விடுதியை மூடினால் பிள்ளை எங்கே இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நார்வே என்றால் குளிர்த் துணிக்கே ஒரு தொகை ஆகும், பாம்பன் காற்றில் வளர்ந்த பிள்ளையிடம் ஸ்வெட்டர்கூட இருக்காது. அண்ணனுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, படகில் பங்குதான், அதனால் இ-சேவையில் வருமானச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஏறிய பாஸ்புக்கையும் பத்திரமாக வையுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையை நீங்களோ டீச்சரோ எழுதிக் கொடுக்க வேண்டாம். கலாம் பிறந்த மண்ணிலிருந்து வருகிறேன் என்று இந்தத் தீவிலிருந்து போகிற பிள்ளைகள் எல்லாம் ஆரம்பிப்பார்கள், படிக்கிறவருக்கு அதில் இவள் யார் என்று தெரியாது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, இரண்டு கடலுக்கும் நடுவில் வளர்ந்தவள், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றியோ, விசைப்படகுகளின் இழுவை மடி வலையால் நாட்டுப்படகுக்காரர்களுக்கு வரும் சண்டையைப் பற்றியோ அவளுக்கே ஒரு கருத்து இருக்கும், அதைத் தப்பும் தவறுமான இங்கிலீஷில் எழுதினாலும் சரி.

பாஸ்போர்ட்டை இப்போதே போட்டுவிடுங்கள். ஆதாரில் இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் அதைச் சரிசெய்யவே நாளாகும், அப்புறம் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் அலைய வேண்டிவரும். 15 வயது முடிந்திருந்தால் பத்து வருஷத்துக்கே கேட்கலாம். மைனர் என்பதால் அப்பா, அம்மா இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும், அதனால் அண்ணன் கரைக்கு வந்ததும் என்னிடம் பேசச் சொல்லுங்கள், ராத்திரி பத்து மணி ஆனாலும் பரவாயில்லை.