கரும்பலகையின் இரண்டாம் வரி – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 31. 2019-லிருந்து தினமும் இரவு படுக்கும் முன் நம்ம ஊர் அணிகளைப் பற்றி நோட்டில் அரைப் பக்கமாவது எழுதிவிடுவேன். கிரிக்கெட்டில் சிஎஸ்கே, கால்பந்தில் சென்னையின் எஃப்சி, கபடியில் தமிழ் தலைவாஸ் மூன்றும் உண்டு. ஆட்டம் இல்லாத நாளில் ஏலம், காயம், யார் உள்ளே யார் வெளியே என்று எதையாவது எழுதுவேன். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினால் நாற்பது பேர் படிக்கிறார்கள்.

2025-ல் சிஎஸ்கே கடைசி இடத்தில் முடித்ததிலிருந்து எழுதக் கை ஓடவில்லை. “பத்தாவது வந்த டீமுக்கு எதுக்கு டைரி?” என்கிறாள் மனைவி. “டீம்ல நம்ம ஆளு எத்தனை பேரு? அது ஒரு கம்பெனி, உனக்கென்ன?” என்கிறான் நண்பன். இந்த அணிகளை ‘நம்ம’ என்று சொல்வது சரிதானா? எழுதுவதை நிறுத்திவிடலாமா? எனக்குப் பிடித்த பன்னிரண்டு பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 11 கொல்கத்தா மேட்சுக்கு நேரில் போயிருந்தேன். திரும்பும்போது அரசினர் தோட்டம் மெட்ரோவில் அவ்வளவு கூட்டத்திலும் யாரும் பேசவில்லை. அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பையன் மட்டும் விசிலை ஊதிக்கொண்டே வந்தான். அவன் அப்பா தடுக்கவில்லை.

ஆர்., அம்பத்தூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பெரம்பூர் போய்விட்டு வந்திருந்தேன். நான் வளர்ந்த தெருமுனையில் ஒரு டீக்கடை இருந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. அந்த டீக்கடைச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையை நினைத்தபடியே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், தினமும் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிற ஒருவரின் கடிதம். அதனால்தான் உடனே பதில்.

நண்பரின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்த சாய் சுதர்சன் சென்னைப் பையன். அதே இரவில் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸும் ஒரு பவுண்டரியும் அடித்து நம்மை ஜெயிக்க வைத்த ஜடேஜா சௌராஷ்டிராக்காரர். நான் இரண்டு பேருக்கும் கை தட்டினேன். நீங்களும் தட்டியிருப்பீர்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை. கம்பெனி, முதலாளி, ஏலம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுங்கள். உங்கள் மனைவி சொன்னதற்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. அவரை ஒருமுறை சேப்பாக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

இனி உங்கள் பக்கங்கள். தம்பி, கோபமாகத்தான் சொல்கிறேன். ஏப்ரல் 11-ஆம் தேதிப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: “அசிங்கம். வெட்கக்கேடு. பாதிப் பேரைத் தூக்கணும். 103-க்கு 9.” சிஎஸ்கே எடுத்த அந்த 103 மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. கொல்கத்தா 10.1 ஓவரில் அதை அடித்து முடித்ததும் வந்தது. தொடர்ந்து ஐந்து தோல்வி என்பது சிஎஸ்கேவுக்கு அதுவே முதல் முறை என்பதும் வந்தது. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி, வெக்கை இறங்காத கேலரியில் உட்கார்ந்து நீங்கள் பார்த்தது என்ன? நாற்பது பேர் அதற்காகத்தானே உங்கள் பக்கத்தைத் திறக்கிறார்கள்? கொல்கத்தாவின் நரைன் போட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பியது என்றுகூட அதில் இல்லை. நம்முடைய மண்ணில், நாம் பதினைந்து வருஷமாக மற்றவர்களைச் சுருட்டிய அதே மந்தமான பிட்ச்சில், இந்த முறை நம் கால் நகரவில்லை. நரைனுக்கு மூன்று விக்கெட். மறுமுனையில் நம்ம ஊர் வருண் சக்ரவர்த்தி. அன்று எழுத எவ்வளவு இருந்தது!

இன்னொன்று. கடைசி இடத்துக்குப் போன அந்த அணியில்தான் நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். பதினேழு வயதில் ஆயுஷ் மாத்ரே வந்து பெங்களூருக்கு எதிராக 94 அடித்தார். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் நூர் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் கேட்ச் விட்டதற்காக. இது நியாயமா?

சரி, பெரம்பூருக்கு வருகிறேன். அந்தக் கரும்பலகையில் தினமும் எழுதியவர் எங்கள் தெருக்காரர், ரயில்வே கோச் ஃபேக்டரியில் வேலை. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு மின்சார ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, பின்பக்கம் உள்ள ஸ்டேடியத்துக்குப் போய் லீக் கால்பந்து பார்ப்பார். அப்போதெல்லாம் மெட்ராஸ் லீக்குக்குக் கூட்டம் உண்டு. ரயில்வே, போஸ்டல், பேங்க் அணிகளில் ஆடியவர்கள் எங்கள் தெருக்களிலேயே நடமாடுவார்கள். வட சென்னையில் ஆட்டக்காரரைப் பார்க்க டிவி தேவைப்படவில்லை. இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்து, டீக்கடைக்காரரிடம் ஈரத்துணி வாங்கிப் பலகையைத் துடைப்பார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து முதல் வரியில் பெரிய எழுத்தில் ஸ்கோர் எழுதுவார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. நாங்கள் பையன்கள் அந்த இரண்டாம் வரிக்காகவே காத்திருப்போம்.

“கோல்கீப்பர் காலில் கட்டு. சொல்லவில்லை.”

“மழை. ஆட்டம் இல்லை. பதினொரு பேரும் வந்தார்கள்.”

“லெஃப்ட் அவுட்டின் ஷூ கிழிந்தது. சணல் கட்டி ஆடினார்.”

1986 இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் மேட்சுக்கு லீவு போட்டுவிட்டு ஐந்து நாளும் சேப்பாக்கம் போனார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டாம் நாள் இரவு ஸ்கோருக்குக் கீழே எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது: “ஜோன்ஸ் வாந்தி எடுத்தார். திரும்ப வந்து நின்றார்.” டீன் ஜோன்ஸ் 210 அடித்தது முதல் வரியில் இருந்தது. எதிரணிக்காரர் வெயிலில் பட்ட பாட்டுக்கு இரண்டாம் வரியைக் கொடுத்தார். செப்டம்பர் 22 இரவு பலகையில் 744 – 744 என்று எழுதியபோது, கூட்டல் தப்பு என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸை நீட்டினார். ஆஸ்திரேலியா 574-ம் 170-ம், நாம் 397-ம் 347-ம். அவர்களே கூட்டிப் பார்த்துவிட்டு வாயடைத்து நின்றார்கள்.

அந்த வருஷமோ அடுத்த வருஷமோ, எங்கள் பக்கத்து அணி ஒன்றில் பேக்காக, அதாவது தடுப்பில், ஆடிய ஒரு பையன் சேம் சைடு கோல் போட்டுவிட்டான். ஒரே கோலில் ஆட்டம் போனது. அண்ணன் ஸ்கோரை மட்டும் எழுதிவிட்டுப் போன பிறகு, யாரோ கரித்துண்டால் கீழே ஒரு கெட்ட வார்த்தை எழுதிவிட்டார்கள். மறுநாள் விடிகாலை நான் பால் வாங்கப் போனபோது அவர் அதை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். கரி போகாமல் கை முழுக்கக் கறுப்பானது. அதன் மேலேயே எழுதினார்: “பேக் கடைசி நிமிஷம் வரை ஓடினார்.” அன்று சாயங்காலம் அந்தப் பையன் டீக்கடைக்கு வந்தான். டீ குடித்துக்கொண்டே பலகையைப் படித்தான். காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, அந்தக் கறுத்த கை மட்டும் மறக்கவில்லை.

உங்கள் பக்கங்களைப் படித்தபோது எனக்கு அந்தக் கரித்துண்டுதான் ஞாபகம் வந்தது. கடுமையாக இருக்கிறதா? இருக்கட்டும். ‘தூக்கணும்’ என்று நீங்கள் எழுதிய பட்டியலில் இருப்பவர்களில் சிலருக்கு இருபது வயதுதான்.

அப்புறம், தமிழ் தலைவாஸ். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லியாக வேண்டும். மூன்று அணியைப் பற்றியும் எழுதுவதாகச் சொல்கிறீர்கள். அனுப்பிய பன்னிரண்டில் பத்து சிஎஸ்கே, இரண்டு சென்னையின் எஃப்சி. தலைவாஸுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. சடுகுடு நம்முடைய ஆட்டம். திருவிழா தோறும் ஆடிய ஆட்டம். அதில் நம் பெயரோடு ஒரு அணி 2017-ல் வந்தது. முதல் இரண்டு சீசனில் தன் பிரிவில் கடைசி இடம், மூன்றாவதில் எல்லா அணிகளிலும் கடைசி. 2022-ல் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு, சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். முடிந்தது கதை என்று எல்லோரும் நினைத்தோம். நடுவில் கோச் மாறினார். அஷன் குமார் வந்தார். பெயர் தெரியாத பையன்களை வைத்துக்கொண்டு அரையிறுதி வரை போனார்கள். டிசம்பர் 15 அன்று புனேயிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்த இரவு உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது? எடுத்துப் பாருங்கள். உலகக் கோப்பை கால்பந்து நடந்த வாரம் அது, மெஸ்ஸி இருக்கக்கூடும். மெஸ்ஸியைப் பற்றி உலகமே எழுதியது. இந்தப் பையன்களைப் பற்றி நீங்கள்தான் எழுதியிருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் புரோ கபடி சென்னைக்கு வந்தபோது நேரு உள்விளையாட்டரங்குக்குப் போனேன். மேல் கேலரி. கபடியை டிவியில் பார்த்தால் கேமரா ரெய்டரோடு, அதாவது பாடிப் போகிறவரோடு, போகும். மேலேயிருந்து பார்த்தால் அவரைப் பிடிக்கக் கார்னரில், அதாவது வரிசையின் ஓரத்தில், நிற்பவரின் கால் தெரியும். ரெய்டர் உள்ளே வருகிறார். முப்பது விநாடி அவருக்கு. கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டைத் தாண்ட ஒரு காலை நீட்டும்போது மற்ற கால் தரையில் படக் கூடாது. அந்த நொடியில் அவர் ஒற்றை ஆள், ஊன்ற இடம் கிடையாது. ரைட் கார்னர் அதற்காகவே காத்திருக்கிறார். பக்கத்து ஆளின் கையைக் கோத்தபடி, சும்மா நிற்கிற மாதிரி. பாய்வதற்கு முன் அவருடைய குதிகால் இரண்டு விரற்கடை மேலே எழும்புகிறது. என் பக்கத்து சீட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், இளமையில் ஊர் அணிக்கு ஆடியவராம், அந்தக் குதிகால் எழும்பியதுமே “புடிச்சாச்சு” என்றார். ரெய்டர் அதற்குப் பிறகுதான் விழுந்தார். ஆட்டம் முழுக்க அவர் பார்த்தது அந்தக் காலைத்தான். ரெய்டருக்கு அரங்கம் எழுந்து கத்தியபோதுகூட அவர் கண் திரும்பவில்லை. என்னையும் அப்படிப் பார்க்கச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்து எனக்கும் தெரிய ஆரம்பித்தது. உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஆள். பந்து எங்கே போனாலும், கேமரா எங்கே திரும்பினாலும், நீங்கள் அந்த ஆளை விடாதீர்கள். வேலையில் ஒரு பீஸைக் கையில் எடுத்து எப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள்? குவாலிட்டியில் இருக்கிற உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

தினமும் எழுதுகிறவருக்கு மட்டும் தட்டுப்படுகிற சங்கதிகளும் உண்டு. 2015 வெள்ளத்தில் ஊரே சேற்றில் கிடந்தபோது சென்னையின் எஃப்சி தன் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடியது, அந்த மாதமே கோவாவில் கோப்பையைத் தூக்கியது. 2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டம் ஆடிவிட்டு சிஎஸ்கேயும் புனேவுக்குப் போனது, அதுவும் கோப்பை வாங்கியது. இப்படி ஊரை விட்டு வெளியே போன இந்த இரண்டு முறையும் ஜெயித்தோம். இரண்டு முறையும் புனே. பழைய பக்கங்களைப் புரட்டினால் இப்படி எவ்வளவோ கிடைக்கும். உங்கள் நோட்டு 2019-ல்தான் தொடங்குகிறது என்பதில் எனக்கு வருத்தம்தான்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தின் கடைசி நான்கு வரிகளைத் திரும்பப் படியுங்கள். அப்பா தோளில் இருந்த அந்தப் பையன், அவன் விசில், தடுக்காத அப்பா. இதை எனக்கு எழுதத் தெரிந்த உங்களுக்கு நோட்டில் எழுதத் தோன்றவில்லையே. ஏப்ரல் 11-ஆம் தேதிப் பக்கத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். “103-க்கு 9” என்பதற்குக் கீழே பாதிப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. இன்று ராத்திரி அதில் அந்தப் பையனை எழுதிவிட்டு, படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். இனிமேல் நாற்பத்தோராவது ஆள் நான்.