ஓடிபி போட்டது யார்?

கேள்வி: என் பத்து வயது மகன் வீட்டு டேப்பில் கேம் விளையாடி, என் டெபிட் கார்டிலிருந்து இரண்டே வாரத்தில் 43,000 ரூபாய்க்கு, கேமுக்குள் செலவழிக்கும் டைமண்ட் வாங்கிவிட்டான். லோன் கட்ட வைத்திருந்த பணம். நாத்தனார் மகன்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வீட்டுக்காரர் என்னோடு பேசுவதே இல்லை. பேங்கில் நேரில் போய்க் கேட்டால் 'ஓடிபி சரியாகப் போட்டிருக்கு' என்று கைவிரித்துவிட்டார்கள். ஹேக் ஆகிவிட்டது என்று சைபர் கிரைமில் சொன்னால் பணம் வந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாதாமே, கம்பெனி மேல் கேஸ் போடலாமா? - வாசகி, திருப்பூர்.

பதில்: நாத்தனார் மகன் சொல்லிக்கொடுத்தானா, வீட்டுக்காரர் பேசுகிறாரா என்பதெல்லாம் எந்தக் கோர்ட்டிலும் ஒரு பாராவுக்குக்கூட உதவாது, ஒதுக்கி வையுங்கள். ஓடிபி எந்தக் கருவிக்கு வந்தது, அதை யார் போட்டார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. உங்கள் சிம்மே அந்த டேப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேமும் அதில், கார்டும் அதில், ஓடிபி வந்து விழுவதும் அதே திரையின் மேல் ஓரத்தில் என்றால் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

மைனர் ஒப்பந்தம் செல்லாது என்பது சரிதான். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு, 1903-ல் மோஹரி பீபி வழக்கில் அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான ப்ரிவி கவுன்சில் சொன்னது, இதெல்லாம் இப்போது எல்லோருக்கும் வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. ஆனால் ப்ளே ஸ்டோரில் இருப்பது உங்கள் ஜிமெயில், அதற்கு 'சம்மதம்' தட்டியதும் நீங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று, எங்களுக்குத் தெரிந்தவரை வாங்கியது ஒரு மேஜர்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அமெரிக்காவில் 2014-ல் இதே மாதிரி விஷயத்தில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டதே என்று கேட்பீர்கள். அங்கே ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் அடுத்த 15 நிமிஷம் குழந்தை கேட்பாரில்லாமல் வாங்கிக்கொண்டே இருக்கலாம், அதைப் பெற்றோரிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்தப் புகாரைப் போட்டது அரசு அமைப்பு. உங்களிடம் ஓடிபி கேட்டிருக்கிறார்கள், அது வேறு கதை.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் யோசனைக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் பயம் அதில்தான். சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டு 'யாரோ திருடிவிட்டார்கள்' என்று சொல்லாதீர்கள். பணம் போயிருப்பது முகம் தெரியாத எவனோ ஒருத்தன் கணக்குக்கு அல்ல, ப்ளே ஸ்டோருக்கு. எந்தக் கணக்கு, எந்தக் கருவி, எத்தனை மணி என்று அங்கே பதிவாகியிருக்கும், விசாரித்தால் வந்து நிற்பது உங்கள் வீட்டு டேப்பில்தான். தெரிந்தே பொய்த் தகவல் தருவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவில் வரும், ஒரு வருடம் வரை சிறை இருக்கிறது. அவ்வளவு தூரம் போகாது என்றே வைத்துக்கொள்வோம், பத்து வயதுப் பையனிடம் போலீஸ் வந்து 'தம்பி, நீயா?' என்று கேட்கும் நிலை உங்களுக்குத் தேவையா?

இதைவிட அதிகமாக நான் பார்ப்பது இன்னொன்று. பேங்குக்கு எழுதும்போது 'தெரியாத நபர்', ரீஃபண்ட் படிவத்தில் 'என் மகன்'. இரண்டு இடத்தில் இரண்டு கதை. அப்புறம் நுகர்வோர் ஆணையத்துக்கு வந்து ப்ரூஃப் அஃபிடவிட், அதாவது சாட்சியத்துக்கான பிரமாணப் பத்திரம், போடும்போது இரண்டு கடிதத்தையும் எதிர்த்தரப்பு பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஃபைல் செய்யும், அதோடு கேஸ் முடிந்தது. சரி, பேங்குக்கும் உண்மையையே எழுதினால்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி வாடிக்கையாளருக்கு நல்ல பாதுகாப்புத்தான், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பே இல்லை என்பார்கள், ஆனால் அது மூன்றாம் ஆள் செய்த மோசடிக்கு. கார்டு விவரத்தை நாமே கவனக்குறைவாகப் பிறர் கையில் விட்டிருந்தால், தகவல் சொல்லும் வரை போன பணம் முழுக்க நம் தலையில்தான். சொன்ன பிறகு போவதுதான் பேங்க் பொறுப்பு. எனவே பேங்கோடு மல்லுக்கட்டி லாபமில்லை.

ஆகவே போகவேண்டிய ஒரே இடம் ப்ளே ஸ்டோர். குடும்பத்தில் ஒருவர் தவறி வாங்கிவிட்டார் என்று கேட்க அங்கே வழி இருக்கிறது, அதில் நீங்கள் சொல்லவேண்டியது உண்மை மட்டும். ரசீது மெயிலில் ஜிபிஏ (GPA) என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் சுலபம், தாண்டியதற்கு கேம் கம்பெனிக்கு எழுதவேண்டும். மொத்தமாக ஒரு அழுகைக் கடிதம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். வாங்கிய டைமண்டையும் கேம் ஐடியையும் பிடுங்கிக்கொள்வார்கள், பிடுங்கட்டும். அங்கே கேட்டுக்கொண்டே பேங்கில் அதே பணத்தைத் திரும்பக் கேட்டு டிஸ்ப்யூட்டும் போடாதீர்கள், உங்கள் கூகுள் கணக்கிலேயே சிக்கல் வரலாம்.

பாதியாவது தருகிறோம் என்று பதில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிப்படையாகவே சொல்கிறேன், மீதிக்காக வழக்குப் போட என்னிடம் வராதீர்கள். ஐந்து லட்சம் வரை நுகர்வோர் வழக்குக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் வக்கீலுக்கு உண்டே, அந்த வாய்தாக்களுக்கு நீங்கள் போய்வரும் செலவையும் கூட்டினால் 20,000 ரூபாய்க்காக 30,000 செலவழித்த கணக்கு ஆகிவிடும்.

இன்றைக்கே டேப்பிலிருந்து சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போடுங்கள், ப்ளே ஸ்டோரில் இருக்கும் டெபிட் கார்டு விவரத்தை எடுத்துவிடுங்கள், எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்கை மாற்றுங்கள், பையன் கைரேகை அதில் பதிந்திருந்தால் அழியுங்கள். பெற்றோர் கண்காணிப்புக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டால் அவன் வாங்கக் கேட்பது உங்கள் ஸ்மார்ட்போனுக்கு வரும், ஆனால் அது ப்ளே ஸ்டோர் வழியாக வாங்குவதற்கு மட்டும்தான், கேமுக்குள் வேறு வெப்சைட் வழியாக டாப்-அப் செய்தால் பிடிக்காது. இதையெல்லாம் செய்யாமல் இன்னொரு தடவை பணம் போனால், இப்போது நீங்கள் எழுதப்போகும் ரீஃபண்ட் கடிதத்தையே எடுத்து, 'இவருக்கு முன்பே தெரியும்' என்று காட்டுவார்கள்.